எப்சன் 1390-க்கு வெளி டேங்க்: தங்கச்சிமடத்து உப்புக்காற்றில் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய சி.ஐ.எஸ்.எஸ் செட்டுக்கு, அதாவது பிரிண்டருக்கு வெளியே டேங்க் வைத்து டியூப் வழியாக மை கொடுக்கும் செட்டுக்கு, பாதி மார்க்தான். அதை மாட்டிக் கொடுத்த ராமநாதபுரத்து மெக்கானிக் தம்பிக்கு முழு மார்க். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மார்க் போட முடியாது. கடற்கரை ஊரில் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்கினால் பணமும் மையும் மிச்சமாகும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் மெயின் ரோட்டில் என் ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஸ்கூல் ஐ.டி. கார்டு, ஜெராக்ஸ், லேமினேஷன், ஃபிரேம் போட்ட படம், இவைதான் தினசரி வேலை. கல்யாண ஆல்பம் மதுரை லேபுக்குப் போய்விடும். கடையிலேயே அடித்துக் கொடுப்பதெல்லாம் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 1390-ல்தான். ஆறு கலர், 13-க்கு 19 அங்குலம் வரை ஓரம் விடாமல் அடிக்கும், மைத்துளி 1.5 பிகோலிட்டர், கண்ணுக்கே தெரியாத அளவு. கம்பெனி இந்த மாடலை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் பழைய ஸ்டுடியோக்காரர்கள் யாரும் இதைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. நானும் மதுரையில் ஒரு ஸ்டுடியோ மூடும்போது வாங்கியதுதான்.

இவ்வளவு பெரிய பிரிண்டர் தீவில் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் பெரிய படம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் துக்க வீட்டுக்காரர்கள். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால், அவருடைய மீனவர் அடையாள அட்டையில் இருக்கும் சின்னப் படத்தைத்தான் கொண்டுவருவார்கள். சில வீட்டில் வேறு படமே இருக்காது. அதை ஸ்கேன் பண்ணி, கோடு கீறலெல்லாம் எடுத்து, 12-க்கு 18-ஆக அடித்து, ஃபிரேம் போட்டு அன்று சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுநாள் பூசைக்குப் படம் வைக்க வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் "மை தீர்ந்துவிட்டது, மதுரையிலிருந்து வரணும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1390-ல் ஆறு கார்ட்ரிட்ஜ். கருப்பு, சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், லைட் சயான், லைட் மெஜந்தா. ஆறில் எது தீர்ந்தாலும் பிரிண்டர் மொத்தமாக நின்றுவிடும். முகம் அதிகமாக அடிக்கும் கடையில் லைட் மெஜந்தாவும் லைட் சயானும்தான் முதலில் காலியாகும், ஏனென்றால் தோல் நிறத்தின் மெல்லிய ஏற்ற இறக்கமெல்லாம் அந்த இரண்டில்தான் இருக்கிறது. கருப்பும் மஞ்சளும் பாதி இருக்கும்போதே வேலை நின்றுபோகும். ராமநாதபுரத்தில் அந்தக் கார்ட்ரிட்ஜ் கிடைப்பதும் அபூர்வமாகிவிட்டது. வெளி டேங்குக்கு மாறியதற்குக் காரணம் இதுதான், செலவு அதற்கு அடுத்ததுதான்.

பெட்டியில் வந்தவை: ஆறு அறையுள்ள பிளாஸ்டிக் டேங்க் ஒன்று. ஆறு சிலிக்கோன் டியூப் பட்டையாக ஒட்டியபடி, சுமார் ஒரு மீட்டர். அதன் மறுமுனையில், மை அளவைப் பிரிண்டருக்குச் சொல்லும், தானாக ரீசெட் ஆகும் சிப் ஒட்டிய ஆறு கார்ட்ரிட்ஜ். சின்ன ஏர் ஃபில்டர் ஆறு, ரப்பர் அடைப்பான்கள், டியூப்பைத் தாங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கை ஒன்று, இரண்டு கிளிப், சிரிஞ்சு. கம்பெனிப் பெயர் பெட்டியில் இல்லை. மாட்டும் விதம் சொல்லும் தாளும் இல்லை. ஆன்லைனில் விற்றவருக்கு அது பற்றி எழுதியதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. 2,300 ரூபாய் கொடுத்தேன்.

இனி மெக்கானிக் வேலைக்கு வருகிறேன். பஸ் ஏறி வந்தவுடன் அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. முதலில் நாசில் செக், அதாவது மையைத் தெளிக்கும் ஹெட்டின் துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் டெஸ்ட் தாள், அடித்துப் பார்த்தார். ஆறு கலர் கட்டமும் ஒரு கோடுகூட விடுபடாமல் வந்த பிறகுதான் செட்டையே பிரித்தார். ஹெட் ஏற்கெனவே அடைத்திருந்தால் பழியெல்லாம் புதுச் செட் மேல் விழும், எது கோளாறு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது என்றார். இந்தப் பிரிண்டரில் ஹெட் மெஷினோடு நிரந்தரமாக இருப்பது. கார்ட்ரிட்ஜோடு கழன்று வருகிற வகை இல்லை. அது போனால் பிரிண்டரே போனமாதிரி. அதனால் மெக்கானிக் யாரை வைத்தாலும் இந்த முதல் தாளை அடிக்கச் சொல்லுங்கள், அடித்த தாளைப் பத்திரமாக எடுத்தும் வையுங்கள்.

அடுத்து டேங்கை நிரப்பினார். ஒவ்வொரு கலருக்கும் டேங்கில் இரண்டு அறை: பெரியது மைக்கு, சின்னது காற்றுக்கு. இரண்டுக்கும் அடியில் ஒரு சின்னத் துவாரம் வழியாகத் தொடர்பு. மை ஊற்றும்போது சின்ன அறையின் வாயை அடைப்பானால் மூடிக்கொண்டு, பெரிய அறையைத் திறந்து ஊற்ற வேண்டும். பெரியதை இறுக மூடிய பிறகுதான் சின்னதைத் திறந்து அதில் ஏர் ஃபில்டரைச் செருக வேண்டும். வரிசை மாறக் கூடாது. கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கத் தட்டில் கவிழ்த்து வைக்கும் பாட்டில் வேலை செய்கிற மாதிரிதான் இதுவும். மேலே காற்றுப் புகாமல் இருந்தால்தான் கீழே மட்டம் ஏறாமல் நிற்கும். பெரிய அறையின் ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், மை சின்ன அறைக்குள் ஏறி ஃபில்டரை நனைத்து மேசையில் வழிந்துவிடும்.

இந்தச் செட்டில் எனக்குக் கோபம் வந்த முதல் இடமே அந்த ரப்பர்தான். ஆறில் இரண்டு அடைப்பான் கையால் தொட்டாலே சுழன்றன. தம்பி பையிலிருந்து பழைய செட்டின் அடைப்பான்களை எடுத்து மாட்டினார். "அக்கா, பெட்டியில வர்ற ரப்பர நம்பாதீங்க. நான் எங்க போனாலும் இத ஒரு டப்பா கையில வச்சிருப்பேன்" என்றார். சில ரூபாய் பெறுமானமுள்ள ரப்பரில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார்கள். மையெல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது.

கார்ட்ரிட்ஜை மாட்டுவதற்கு முன் டியூப்பில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் மேல் அடைப்பானைக் கழற்றி, சிரிஞ்சால் மெதுவாக இழுத்தார். டேங்கிலிருந்து மை டியூப்பில் ஊர்ந்து வருவது கண்ணுக்குத் தெரியும். அவசரமாக இழுத்தால் நுரை கட்டும், நுரை கட்டினால் அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆறு கலரையும் அவர் அவசரப்படாமல் இழுத்து முடிக்க வெகுநேரம் ஆனது. நான் இடையில் நாலைந்து பேருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு செய்ததுதான் அவருக்கு முழு மார்க் வாங்கித் தந்தது. இங்க் பட்டனை அழுத்தி, கார்ட்ரிட்ஜ் வண்டி மாற்றும் இடத்துக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அப்போதுதான் வண்டி பூட்டிக்கொள்ளாமல் கையால் நகரும். கார்ட்ரிட்ஜ் மேல் இருக்கும் மூடியைக் கழற்றி, ஆறையும் சிப் சரியாகப் பொருந்துகிற 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். பிறகு வண்டியை விரலால் இடது கோடிவரை தள்ளினார். டியூப் பட்டை விறைக்கிறதா என்று பார்த்தார். வலது கோடிக்குத் தள்ளினார். மிச்சமுள்ள டியூப் தொங்கிப் பேப்பர் போகும் வழியில் உரசுகிறதா, வளைவு பெரிதாகி மூடியில் இடிக்கிறதா என்று பார்த்தார். கிளிப்பை அரை விரல்கடை நகர்த்தினார். மறுபடி இடது, மறுபடி வலது. டியூப் எங்கும் மடங்காமல், எதையும் தொடாமல் போய்வரும் இடம் கிடைக்கும்வரை கிளிப்பை ஒட்டவே இல்லை.

"இங்க் அது பாட்டுக்கு வரும்க்கா. டியூப் போய்ட்டு வர்றதுதான் வேலையே" என்றார். வாங்கிய செட்டைத் தாங்களே மாட்டிக்கொள்ளப் போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள். டியூப் குட்டையாக இருந்தால் இடது ஓரத்தில் வண்டி இழுபட்டு எர்ரர் காட்டும், அல்லது கார்ட்ரிட்ஜ் லேசாகத் தூக்கிக்கொண்டு சிப் தெரியாமல் போகும். நீளமாக இருந்தால் அடித்த ஈரப் படத்தின் மேல் உரசிக் கோடு போடும். இரண்டுமே உள்ளே இருக்கும் மை நல்லதா கெட்டதா என்பதோடு சம்பந்தமில்லாத கோளாறுகள். ஆனால் மை சரியில்லை என்று பாட்டிலை மாற்றிக்கொண்டிருக்கும் கடைகளை எனக்குத் தெரியும்.

கிளிப் ஒட்டுவதில் கடற்கரைக்கென்று தனிப் பாடம் உண்டு. செட்டோடு வரும் டபுள் சைடு டேப் எங்கள் ஊரில் தங்காது. பிரிண்டரின் பிளாஸ்டிக்கில் விரல் வைத்துப் பாருங்கள், லேசாகப் பிசுக்கென்று இருக்கும். உப்பும் ஈரமும் தூசியும் சேர்ந்த படலம் அது. டேப் அந்தப் படலத்தில்தான் ஒட்டுகிறது, பிளாஸ்டிக்கில் ஒட்டுவதில்லை. நம் பக்கம் மத்தியானம் அடிக்கிற வெயிலில் பசை இளகி, தாங்கு கை மெதுவாகச் சாய்ந்துவிடும். தம்பி ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒட்டும் இடத்தைத் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. வெள்ளையாக வரும்வரை துடைத்தார். காயவிட்டு, செட்டில் வந்த டேப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, கார்க்காரர்கள் நம்பர் பிளேட் ஒட்டும் தடித்த நுரை டேப்பைப் போட்டார். அதற்கு மேல் ஒரு கேபிள் டை. இன்றுவரை அந்தக் கை அசையவில்லை.

டியூப் வெளியே வரும் இடத்தில் பிரிண்டர் மூடி அழுத்தாமல் இருக்க, மூடியின் இரண்டு மூலையிலும் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ரப்பர் வட்டம் ஒட்டினார். மூடி ஒரு நூல் தூக்கி நிற்கிறது. தூசி போகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறதே என்று எனக்குக் கவலை. அதனால் கடை மூடும்போது பிரிண்டர் மேல் துணி போட்டு மூடிவிடுகிறேன்.

டேங்க் வைக்கும் உயரம் பற்றி. பிரிண்டர் நிற்கிற அதே மேசைத் தளத்தில் டேங்கும் நிற்க வேண்டும். இடமில்லை என்று ஷெல்ஃபில் ஏற்றி வைத்தால், மை தன் பாரத்தாலேயே இறங்கி ஹெட் வழியாகச் சொட்டும். காலையில் பார்த்தால் பிரிண்டர் அடியில் குளம் கட்டியிருக்கும். தரையில் இறக்கி வைத்தால் மை ஏறத் திணறி, பெரிய படத்தில் பாதியில் கலர் போய்விடும். தம்பி டேங்கைப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டத்தான் நினைத்தார். நான் வேண்டாம் என்றேன், என் கடையில் குழந்தைகளோடு வருகிறவர்கள் அதிகம். தச்சரிடம் சொல்லி மூன்று பக்கம் விளிம்பு வைத்த பலகைத் தட்டு ஒன்று செய்து, மேசையோடு ஸ்க்ரூ போட்டு, டேங்கை அதில் உட்காரவைத்து, வலைக்கடை நைலான் கயிற்றால் குறுக்கே கட்டியிருக்கிறேன். கட்டிக் கொடுத்தவர் வலை பின்னும் பெரியவர் ஒருவர். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், நான் கயிற்றோடு நிற்பதைப் பார்த்து "தள்ளும்மா" என்று வாங்கி ஒரு முடிச்சுப் போட்டார். ஒரு முனையை இழுத்தால் அவிழும், மை ஊற்ற வசதி. மற்றபடி ரோட்டில் மீன் லாரி போய் மேசை அதிர்ந்தாலும் டேங்க் நகராது.

வெயில் விஷயம் மெக்கானிக்கே சொல்லாதது, நானாகக் கவனித்தது. என் கடை மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வெயில் கண்ணாடி வழியாக நேரே மேசைக்கு வரும். டேங்க் பாதி காலியாக இருக்கும் நாளில் சின்ன அறையில் மை மட்டம் தானாக மேலே ஏறுவதைப் பார்த்தேன். பெரிய அறைக்குள் அடைபட்ட காற்று சூடேறி விரிகிறது, அது மையைச் சின்ன அறைக்குத் தள்ளுகிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஃபில்டர் நனைந்திருக்கும். கண்ணாடிக்குத் திரை போட்டதும் நின்றுவிட்டது. டேங்கை எப்போதும் பாதிக்கு மேல் நிரப்பி வைப்பதும் நல்லது, உள்ளே காற்று குறைவாக இருந்தால் தள்ளலும் குறைவு.

அடுத்தது கச்சான். வைகாசி, ஆனி, ஆடியில் எங்கள் தீவில் அடிக்கிற காற்றைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மணல் கடைக்குள்ளேயே வந்து உட்காரும். ஒரு நாள் பெரிய படம் ஒன்று நன்றாக ஆரம்பித்து, நெற்றி, கண், மூக்குவரை சுத்தமாக வந்து, தாடைக்கு வரும்போது பச்சையடித்துவிட்டது. மெஜந்தா வரவில்லை. ஹெட் கிளீனிங் போட்டு நாசில் செக் அடித்தால் எல்லாக் கோடும் முழுசாக இருக்கிறது. மறுபடி பெரிய படம், மறுபடி பாதியில் பச்சை. தம்பிக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏர் ஃபில்டர கழட்டிட்டு அடிச்சுப் பாத்தீங்களாக்கா?" கழற்றி அடித்தேன், முழுப் படமும் வந்தது. மெல்லிய மணலும் உப்பும் ஃபில்டரை அடைத்துவிட்டால் டேங்குக்குள் காற்றுப் போகாது, காற்றுப் போகாவிட்டால் மை வெளியே வராது. சின்ன டெஸ்ட் பிரிண்டுக்கு வேண்டிய மை கார்ட்ரிட்ஜிலேயே இருப்பதால் நாசில் செக் நன்றாக வந்து நம்மை ஏமாற்றும். ஹெட் போய்விட்டது என்று சொல்லிப் பணம் பிடுங்க இதைவிடச் சுலபமான இடம் இல்லை. அவர் போனிலேயே தீர்த்து வைத்தார், ஒரு பைசா கேட்கவில்லை. இப்போது கச்சான் தொடங்கும்போதே ஆறு ஃபில்டரையும் மாற்றிவிடுகிறேன். தனியாக விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை.

கலர் பற்றிச் சொல்லாமல் போட்டோ பிரிண்டர் மதிப்புரை முழுதாகாது. செட்டோடு கிடைத்த மை டை வகை, அதாவது தண்ணீரில் கரைந்த சாயம். அதை அப்படியே ஊற்றி, பிரிண்டரின் பழைய அமைப்பிலேயே அடித்தால் முகம் சிவந்து வந்தது. நிழல் பகுதி ஊதா. சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும், கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறோம் என்று. எனக்குப் பிடிக்கவில்லை. விடியற்காலை கரை திரும்பிய மனிதரின் முகத்தில் கன்னத்து எலும்பின் மேல் ஒரு வெண்கல நிறம் உண்டு, கண்ணுக்குக் கீழே ஒரு கருமை உண்டு, கழுத்தில் சட்டைக் காலர் மறைத்த இடத்தில் வேறொரு நிறம். அந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வீட்டில் மாட்டி வைக்கப்போகும் படம் அது. அவருடைய மகள் பார்த்து "இது அப்பா" என்று சொல்ல வேண்டும்.

மை விற்பவரிடம் அந்த மைக்கும் பேப்பருக்கும் உரிய ஐ.சி.சி புரொஃபைல் ஃபைல், அதாவது நிறம் சரியாக வரப் பிரிண்டருக்கு வழிகாட்டும் ஃபைல், கேட்டு வாங்குங்கள். இருப்பவர்கள் கொடுப்பார்கள். எனக்கு மை விற்றவரிடம் இல்லை, அதனால் கையாலேயே சரி பண்ணினேன். வெள்ளையிலிருந்து கருப்புவரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை ஒன்றையும், என் உள்ளங்கையையும் புறங்கையையும் எடுத்த படத்தையும் ஒரே தாளில் வைத்து அடித்தேன். சாம்பல் சாம்பலாகவே வரும்வரை, கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் டிரைவர் சாஃப்ட்வேரில் மெஜந்தாவைக் குறைத்தேன். பார்த்தது டியூப் லைட்டில் இல்லை, வாசலில் நின்று பகல் வெளிச்சத்தில். அடித்தவுடன் தீர்மானிக்கவும் கூடாது. நம் ஈரக்காற்றில் கிளாஸி பேப்பர் காய நேரமெடுக்கும், காய்ந்தபிறகு நிறம் கொஞ்சம் மாறும். ஒரு தாளைக் காயவிட்டு மறுநாள் பார்த்துத்தான் அடுத்த திருத்தம் போட்டேன். சரியான அமைப்பை டிரைவரில் பெயர் போட்டுச் சேமித்துவிட்டேன். இப்போது வருகிற முகம் எனக்குத் திருப்தி. மை கம்பெனியை மாற்றினால் இத்தனையும் மறுபடி செய்ய வேண்டும், அதனால் விலை ஐம்பது ரூபாய் குறைகிறது என்று மாற்றுவதில்லை.

படம் எத்தனை நாள் நிற்கும்? வாசல் கண்ணாடியில் வெயில் படும்படி மாட்டிய மாதிரிப் படங்கள் வெளிறிவிட்டன, உள்ளே ஃபிரேமுக்குள் கண்ணாடி போட்டு வைத்தவை அப்படியே இருக்கின்றன. இந்த வகை டை மைக்கு வெளிச்சமும் திறந்த காற்றும் எதிரி. அதனால் துக்க வீட்டுப் படத்தைக் கண்ணாடி இல்லாமல் நான் கொடுப்பதில்லை. காசு இல்லை என்று சொன்னாலும் கண்ணாடி போட்டுத்தான் கொடுக்கிறேன். கையோடு ஃபைலையும் கொடுத்துவிடுகிறேன், எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

சிப் பற்றி ஒரு எச்சரிக்கை. தானாக ரீசெட் ஆகும் சிப் என்பதால் கம்ப்யூட்டர் திரையில் மை அளவு காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. "தீர்ந்தது" என்று காட்டும்போது டேங்கில் முக்கால்வாசி இருக்கும், இங்க் பட்டனை அழுத்தினால் மறுபடி "முழுசு" என்று காட்டும். உண்மையிலேயே டேங்க் வற்றினாலும் அது சொல்லாது. கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் வழி. கால்வாசிக் கோட்டுக்குக் கீழே விடவே கூடாது. டியூப்பில் காற்றேறினால் மறுபடி சிரிஞ்சு எடுக்க வேண்டிவரும். சிப்பின் உலோகப் பொட்டில் உப்புப் படிந்து பச்சை பூத்தால் கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை என்று காட்டும், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் சரியாகும். இந்தச் செட்டின் சிப்பில் வேறு குறையில்லை, இதை மட்டும் மனதாரப் பாராட்டலாம்.

கிளீனிங் போடும் ஒவ்வொரு தடவையும் மை பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சு மெத்தைக்குப் போகிறது. பிரிண்டர் அதைக் கணக்கு வைத்து, நிறைந்துவிட்டது என்று ஒரு நாள் வேலையை நிறுத்தும். சாஃப்ட்வேர் போட்டுக் கணக்கை மட்டும் அழித்துத் தருகிறவர்கள் உண்டு. பஞ்சு அப்படியே ஊறிக் கிடக்கும், பிறகு மேசையில் வழியும். தம்பி அந்தக் கழிவு டியூப்பை வெளியே எடுத்து ஒரு மூடியுள்ள பாட்டிலில் விட்டு, பாட்டிலை மேசைக் காலோடு கட்டிவிட்டார். அதன் பிறகுதான் கணக்கை ரீசெட் பண்ணினார். மாட்டுவதற்கும் இதற்கும் சேர்த்து அவர் வாங்கியது 800 ரூபாய், பஸ் செலவு தனி. நியாயமான கூலிக்கும் கீழே என்றுதான் சொல்வேன்.

இப்போது புதிதாக வாங்கப்போகிறவர்கள் கேட்பது, கம்பெனியே டேங்கோடு விற்கிறதே, அது போதாதா என்று. நல்ல கேள்வி. வெளி டேங்க் மாட்டுவது இந்தோனேசியா போன்ற நாடுகளில் மெக்கானிக்குகள் தாங்களாகவே பரப்பிய வழக்கம். அதைப் பார்த்துத்தான் எப்சன் 2010-ல் இந்தோனேசியாவில் முதன்முதலில் டேங்க் பிரிண்டரை இறக்கியது. பிறகு ஆறு கலரில் எல்805, ஏ3 பிளஸ் (13-க்கு 19 அங்குலம்) அளவில் எல்1800 எல்லாம் வந்தன. கையில் காசு இருந்து, புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் தயங்காமல் அந்த வகைக்கே போங்கள். டியூப் உள்ளேயே ஒழுங்காக ஓடுகிறது, சிப் தொல்லை கிடையாது, வாரண்டி உண்டு. வாரண்டியில் இருக்கும் புதுப் பிரிண்டரில் வெளிச் செட் மாட்டி அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்போர்ட் போட்டோ மட்டும் போதும் என்றால் ஏ4 மாடலே தாராளம், கீழக்கரைப் பக்கம் வளைகுடா விசா படத்துக்கு ஓடும் கடைகளுக்கு அதுதான் சரி. ஏற்கெனவே நல்ல ஹெட்டோடு 1390 கையில் இருப்பவர்களுக்கும், பெரிய படம் தேவைப்படுகிறவர்களுக்கும்தான் நான் சி.ஐ.எஸ்.எஸ் சொல்வேன்.

அப்படி வாங்குகிறவர்கள் செட்டோடு சேர்த்துத் தடித்த நுரை டேப், உதிரி ரப்பர் அடைப்பான், இரண்டு செட் ஏர் ஃபில்டர், ஸ்பிரிட் ஆகியவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு யு.பி.எஸ் கட்டாயம். கரண்ட் போகும்போது வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் ஹெட் மூடியில்லாமல் காய்ந்துபோகும். பிரிண்டரை எப்போதும் அதன் பட்டனில் அணைக்க வேண்டும், சுவர் சுவிட்சில் அணைக்கக் கூடாது, அப்போதுதான் ஹெட் வலது ஓரத்து மூடியில் போய் உட்காரும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கடையில் வேலை குறையும். அந்த மாதங்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆறு கலரும் உள்ள சின்னப் படம் ஒன்றை அடித்துக்கொண்டே இருங்கள். பிரிண்டரைத் திருவிழாக் கடைக்குத் தூக்கிப் போவதானால் ஃபில்டர்களைக் கழற்றிச் சின்ன அறைகளை அடைப்பானால் மூடி, டேங்கையும் பிரிண்டரையும் ஒரே தட்டில் மட்டமாக வைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஃபில்டரைத் திரும்பச் செருகி, நாசில் செக் ஒன்று அடித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.